முதல் கம்பி ஆறு முறை அறுந்தது: கிட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை

என் எலெக்ட்ரிக் கிட்டாரின் முதல் கம்பி, அதாவது ஆறு கம்பிகளில் மிக மெல்லியது, நான்கு மாதங்களில் ஆறு முறை அறுந்தது. அதற்காக ஒரே பழுதுபார்ப்பவரிடம் மூன்று முறை கிட்டாரைக் கொண்டுசென்றேன். மூன்று முறையும் பணம் கொடுத்தேன். குறை மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு துண்டு உப்புத்தாளைக் கொண்டு கால் மணி நேரத்தில் நானே அதைச் சரிசெய்தேன். இடையில் எனக்கு விற்கப்பட்ட தேவையற்ற வேலைகளைப் பற்றியும், அவற்றுள் ஒன்று கிட்டாருக்கே கேடாக முடிந்ததைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை சென்றபோது, கம்பிகள் மட்டமானவை என்றார் அவர். நான் பதில் சொல்வதற்குள் வெட்டுக்குறடை எடுத்து மீதமிருந்த ஐந்து கம்பிகளையும் நறுக்கி, அறுந்த கம்பியோடு சேர்த்துச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு மேற்பூச்சுள்ள விலை உயர்ந்த கம்பிகளை மாட்டிக் கொடுத்தார். அன்று அது வழக்கமான வேலையாகவே எனக்குப் பட்டது. கம்பி எந்த இடத்தில் அறுந்தது என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கூடைக்குள் போய்விட்டது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் புதுக் கம்பியும் அறுந்தது. அதற்கு மாற்றாகப் போட்டதும் நிலைக்கவில்லை. மீண்டும் சென்றேன். "தம்பி, உங்கள் கை கனம். பத்தாம் எண் தாங்காது, பதினொன்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். பத்து என்பது முதல் கம்பியின் தடிமன், அதாவது 0.010 அங்குலம். தடித்த கம்பி எளிதில் அறுகாது என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பியின் அதிரும் நீளம் 25.5 அங்குலமாக உள்ள கிட்டாரில் பத்தாம் எண் கம்பியை உரிய சுருதிக்கு ஏற்றும்போது அதன் மேல் ஏறக்குறைய 7 கிலோ இழுவிசை இருக்கிறது என்றால், பதினொன்றாம் எண் கம்பியை அதே சுருதிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 9 கிலோ வேண்டியிருக்கும். தடிமன் கூடக்கூட இழுவிசையும் கூடிவிடுவதால், கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் சுமை கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. கூடுதலாகக் கிடைப்பது தேய்வதற்குக் கொஞ்சம் அதிக இரும்பு, அவ்வளவுதான்.

அந்த ஆலோசனை அத்தோடு நிற்கவும் இல்லை. இழுவிசை கூடினால் கழுத்து வளையும் என்பதால் அதன் உள்ளே நீளவாக்கில் இருக்கும் உலோகக் கோலைத் திருகி நிமிர்த்த ஒரு கூலி, தடித்த கம்பி நட்டின் (கழுத்து தலையோடு சேரும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட சிறு கட்டை) பள்ளத்தில் சிக்கும் என்பதால் பள்ளத்தை அரத்தால் அராவ இன்னொரு கூலி. இரண்டுமே தடிமன் மாற்றும்போது தேவைப்படக்கூடிய வேலைகள்தாம், மறுக்கவில்லை. தடிமனையே மாற்றியிருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம்.

மூன்றாவது முறை, கம்பியைச் சுற்றும் தண்டின் துளை விளிம்பு கூராக இருக்கிறது என்று சொல்லி கம்பிகளை முறுக்கும் ஆறு டியூனர்களையும் மாற்றினார். அப்படியொரு காரணம் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் அதனால் அறுகிற கம்பி கிட்டாரின் தலைப்பக்கத்தில் அறும். என் கம்பியோ நேர் எதிர்முனையில் அறுந்துகொண்டிருந்தது. முதல் வருகையில் அவர் அதைக் கவனிக்கவில்லை என்பதை அலட்சியம் என்று விட்டுவிடலாம். மூன்றாவது முறையும் அறுந்த முனையைப் பார்க்காமலே உதிரிபாகம் விற்றதை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆறாவது கம்பி வீட்டில் அறுந்தது. இம்முறை இரண்டு துண்டுகளையும் பத்திரமாகக் கழற்றி மேசை மேல் வைத்தேன். கம்பியின் நுனியில் இருக்கும் பித்தளைக் குண்டோடு கூடிய சிறு துண்டு இரண்டு விரற்கடை நீளம் இருந்தது. அதைப் பிரிட்ஜில், அதாவது கிட்டாரின் உடலில் கம்பிகளை மாட்டும் பாகத்தில், திரும்பப் பொருத்தி இழுத்துப் பார்த்தபோது, அறுந்த முனை முதல் சேடிலின் (பிரிட்ஜின் மேல் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சிறு உலோகத் துண்டு) உச்சியில், கம்பி வளைந்து இறங்கும் அதே புள்ளியில் வந்து நின்றது. மேசைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு சேடிலின் பள்ளத்திலும் மெல்ல இழுத்தேன். ஐந்தில் வழுக்கிக்கொண்டு போனது. முதல் சேடிலில் ஒரு பஞ்சிழை மாட்டிக்கொண்டு, குச்சியை எடுத்த பிறகும் அங்கேயே நின்றது. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் பள்ளத்தின் ஓரத்தில் மணல் பருமன்கூட இல்லாத ஓர் உலோகப் பிசிறு மினுங்கியது.

கம்பியை மீட்டும்போதும், விரலால் வளைத்து இழுக்கும்போதும், சுருதி சேர்க்கும்போதும் அது சேடிலின் மேல் நூலளவு முன்னும் பின்னும் நகர்கிறது. ஒவ்வொரு நகர்விலும் பிசிறு கம்பியைக் கீறுகிறது. முறுக்கேறி நிற்கும் எஃகுக் கம்பியில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் விசை முழுவதும் அந்த இடத்தில் குவிந்து, மிச்சத்தை அதுவே முடித்துவிடுகிறது. இதில் மேற்பூச்சு என்ன செய்யும், கையின் கனம் என்ன செய்யும்?

400 எண் உப்புத்தாளை மடித்துக் கூர்முனையை மட்டும் தட்டையாக்கி, 600 எண்ணால் வழவழப்பாக்கினேன். பள்ளம் ஆழமாகிவிடக் கூடாது என்பதால் பஞ்சு மாட்டாத நிலை வந்ததும் நிறுத்திவிட்டேன். உலோகத் தூளை, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பின் காந்தம் இழுத்துக்கொள்ளும் என்பதால், தொடங்குவதற்கு முன் பிக்கப்புகளின் மேல் காகித நாடாவை ஒட்டி மூடினேன். கடைசியில் பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவினேன். மீண்டும் பத்தாம் எண் கம்பிகளையே மாட்டினேன். அவை கறுத்து ஒலி மங்கிப்போகும் வரை எதுவும் அறவில்லை.

ஆகவே கம்பி அறுந்தால் எந்தத் துண்டையும் எறியாதீர்கள், பழுதுபார்ப்பவரையும் எறியவிடாதீர்கள். சேடிலில் அறுந்தால் சேடிலையும், நட்டில் அறுந்தால் அதன் பள்ளத்தையும், தண்டின் அருகே அறுந்தால் துளையையும் சுற்றிய விதத்தையும், நடுவில் அறுந்தால் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்றான ஃபிரெட்டின் விளிம்பையும் கம்பியின் துருவையும் பாருங்கள். சுருதி ஏற்றும்போதே அறுகிறதென்றால், ஒரு ஸ்தாயி மேலே போய்க்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சுருதி காட்டும் பல டியூனர் கருவிகள் ஸ்வரத்தின் எழுத்தை மட்டும் காட்டுமே தவிர ஸ்தாயியைக் காட்டுவதில்லை. ஒரு ஸ்தாயி உயர்த்த நான்கு மடங்கு இழுவிசை வேண்டும், அதை எந்த முதல் கம்பியும் தாங்காது.

துண்டுகளையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பார்த்துவிட்டு, "இது சின்ன விஷயம்தானே" என்றார். முதல் வருகையின் ரசீதைக் காட்டினேன். அதில் "பிரிட்ஜ் சரிபார்ப்பு" என்ற வரிக்கு எதிரே அவர் கையாலேயே குறியிட்டிருந்தார். பணத்தைத் திருப்பித் தரவில்லை.

நட்டின் முதல் பள்ளத்தை அவர் அளவுக்கு மீறி ஆழமாக அராவிவிட்டதால், முதல் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் அது முதல் ஃபிரெட்டில் உரசி இரைகிறது. நட்டையே மாற்ற முடிவுசெய்திருக்கிறேன். அதற்காக வேறொருவரிடம் கொடுக்கப்போகிறேன். நட், சேடில், தலைப்பக்கம் மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்துவைத்துவிட்டேன். கழற்றும் எதையும் என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்கிய பிறகே கிட்டாரை ஒப்படைப்பேன்.