மலை சைக்கிளின் பின் ஹப்: காசை எங்கே போடலாம், எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பெடலை நிறுத்திச் சக்கரத்தை உருளவிட்டுவிட்டு மறுபடி மிதித்தால், கால் கொஞ்ச தூரம் சும்மா போய் அப்புறம்தான் 'டக்'கென்று பிடிக்கும். அந்த வெற்று மிதியைக் குறைக்கிறோம் என்று சொல்லித்தான் விலை கூடிய ஹப்களை (சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளை) விற்கிறார்கள். வாங்க வருபவர்களும் முதலில் கேட்பது அதைத்தான்: எத்தனை டிகிரியில் பிடிக்கும்?

ஹப்பில் சொல்லும் டிகிரி வேறு, காலுக்குத் தெரிவது வேறு. முன் பல்சக்கரத்தில் 32 பல், பின்னால் 51 பல், 175 மில்லிமீட்டர் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) என்று வைத்துக்கொள்வோம். ஹப்பின் டிகிரியை 51-ஆல் பெருக்கி 32-ஆல் வகுத்தால் கிராங்க் எவ்வளவு சும்மா சுற்றும் என்பது வந்துவிடும். பழைய டிடி ஸ்விஸ் 350 ஹப்பில் 18 பல் ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பல் வளையம்), அதாவது 20 டிகிரி. பெரிய பல்சக்கரத்தில் ஏறும்போது பெடல் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் வரை சும்மா போகும். இப்போது வரும் 36 பல் ராட்செட்டில் அது ஐந்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு சுற்றில் 108 இடங்களில் பிடிக்கும் ஹோப் ப்ரோ 5-ல் ஒன்றரைச் சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 690 இடங்களில் பிடிக்கும் இண்டஸ்ட்ரி நைன் ஹைட்ராவில் இரண்டரை மில்லிமீட்டர்தான். இதெல்லாம் அதிகபட்சக் கணக்கு. சராசரியாகப் பார்த்தால் பாதிதான் வரும். பின்னால் 10 பல்லில் வேகமாகப் போகும்போது 36 பல் ராட்செட்டிலேயே ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது. பிடியின் அருமை தெரிவது செங்குத்து ஏற்றத்தில், பாறை நடுவே அரை மிதி, கால் மிதியாகத் தட்டுத்தடுமாறி ஏறும்போது மட்டும்தான்.

பத்து சென்டிமீட்டர் ஐந்தாகும்போது காலுக்கு நன்றாகவே தெரிகிறது. ஐந்து ஒன்றரையாகும்போது, பாறைப் பாதையில் தினமும் திரிபவருக்குத் தெரியும். ஒன்றரையிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்கு இறங்குவதை, நண்பரின் சைக்கிளை ஒரு மதியம் முழுக்க ஓட்டியும் என் கால் கண்டுபிடிக்கவில்லை.

ஃபுல் சஸ்பென்ஷன் (முன், பின் இரண்டு சக்கரமும் அமுங்கும்) சைக்கிள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பின் சக்கரம் அமுங்கும்போது செயின் இழுபட்டு பெடலைப் பின்னுக்குத் தள்ளும். ஹப் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறதோ அந்த உதையும் அவ்வளவு சீக்கிரம் காலுக்கு வரும். கீழ்நோக்கி மட்டுமே ஓட்டுகிறவர்களில் பலர் வேண்டுமென்றே மெதுவாகப் பிடிக்கும் ஹப்பைத் தேடுவது இதனால்தான். 2015-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த டவுன்ஹில் உலகக் கோப்பையில், கிளம்பிய உடனேயே செயின் அறுந்துபோன அமெரிக்க வீரர் ஆரன் க்வின் ஜெயித்தே விட்டார். அன்றைக்கு அவர் ஹப் எத்தனை டிகிரியில் பிடித்தால் என்ன?

சரி, மலிவான பக்கம். இதில் இரண்டு சாதி உண்டு. இரண்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது.

முதலாவது, ஷிமானோ டியோர் வகை. உள்ளே பழைய பாணி பால்ரஸ் குண்டுகளும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கோனும். நம் ஊர் சைக்கிள் கடைக்காரர் எவருக்கும் கைவந்த வேலை. இரண்டு கோன் ஸ்பேனர், ஒரு டப்பா கிரீஸ், அரை மணி நேரம் போதும். சரியாக இறுக்கி வைத்தால் வெண்ணெய் போல ஓடும். பல ஆண்டுகள் உழைக்கும். சரியாக இறுக்காமல் விட்டால்தான் ஆபத்து. கோன் பொரிந்துவிட்டால் புதிது மாற்றலாம். ஹப்புக்குள்ளேயே இருக்கும் கிண்ணம் பொரிந்துவிட்டால் ஹப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எடையும் கொஞ்சம் கூடுதல். ஆனால் ஸ்டீல் ஃப்ரீஹப் (கேசட் ஏறி உட்காரும் பகுதி) என்பதால் கேசட்டின், அதாவது பின் பல்சக்கர அடுக்கின், தனித்தனிப் பல்சக்கரங்கள் அதைக் கடித்துக் காயம் பண்ணுவதில்லை. விலை கூடிய அலுமினிய ஃப்ரீஹப்பில் பழைய ஹெச்ஜி (ஷிமானோவின் பழைய பொருத்து முறை) கேசட்டைப் போட்டு ஒரு வருடம் ஏற்றம் ஏறிப் பாருங்கள். கழற்றும்போது ஒவ்வொரு பல்சக்கரமும் வரிவரியாக வெட்டு விழுத்தி உள்ளே சிக்கி நிற்கும். மலிவானது ஜெயிக்கிற இடம் இது.

இரண்டாவது சாதி, விலையும் குறைவு, பிடியும் அதிகம் என்று வரும் ஹப்கள். ஆறு நகம் (பல்லில் விழுந்து பிடிக்கும் சிறு கொக்கி), நூற்றுச் சொச்சம் கிளிக், பளபளவென்று நிறம். நானும் ஒன்று வாங்கினேன். யாருடையது என்பது இங்கே வேண்டாம். ஐந்தாவது மாதம் ஒரு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது உள்ளே ஏதோ வழுக்கியது. முட்டி நேராகப் போய் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மில் இடித்தது. வீட்டுக்கு வந்து செய்தித்தாள் விரித்துத் திறந்தேன். உள்ளே அல்வா மாதிரி கெட்டி கிரீஸ். அதில் இரண்டு நகங்கள் எழும்பவே முடியாமல் ஒட்டிக் கிடந்தன. மற்றவற்றில் ஒன்றின் முனை மழுங்கிக் கண்ணாடி போல மின்னியது. பற்கள் சிறிதாகச் சிறிதாக நகமும் பல்லும் மிக நுட்பமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும், உலோகமும் கெட்டியாக இருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் காசு. அதைக் கொடுக்காமல் எண்ணிக்கையை மட்டும் வாங்கினால் இப்படித்தான். ஹப் மாற்றுவது டயர் மாற்றுவது போலவும் இல்லை: சக்கரத்தைப் பிரித்து, பெரும்பாலும் புதுக் கம்பி வாங்கி, மறுபடி பின்னி, கோட்டம் எடுக்க வேண்டும். மிச்சம் பிடித்த பணம் அந்தக் கூலியிலேயே போய்விட்டது.

நடுவில் நிற்பது டிடி ஸ்விஸ் 350. டியோரைவிட விலை பல மடங்கு, ஹைட்ராவைவிடக் குறைவு. இதில் நகமே கிடையாது. நட்சத்திரம் போலப் பல் வெட்டிய இரண்டு வளையங்கள் ஸ்பிரிங் தள்ள ஒன்றோடொன்று முகம் பார்த்து நிற்கும். மிதித்தால் எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் கவ்வும். ஒரு நகத்தின் முனையில் முழுப் பாரமும் விழும் கவலை இல்லை. எனக்கு இதில் பிடித்ததே திறக்கிற சுகம்தான். கேசட்டைப் பிடித்து நிமிர்த்தி இழுத்தால் மூடியோடு ஃப்ரீஹப் கையில் வந்துவிடும், ஸ்பேனரே வேண்டாம். வளையங்களைத் துடைத்து, அதற்கென்று வரும் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவி மூடினால் ஐந்து நிமிட வேலை. சேற்றில் ஓட்டிய அன்று இரவே செய்யலாம். ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும்: செயின் பக்கத்து உள் பேரிங்கை மாற்ற, உள்ளே திருகியிருக்கும் வளையத்தைத் தனி டூல் போட்டுக் கழற்ற வேண்டும். நீங்கள் மிதித்த ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கியிருக்கும். நீளக் குழாய் செருகி, இரண்டு பேர் தொங்கினால்தான் அசையும்.

மேல்தட்டு ஹப்கள் மோசம் என்று சொல்லவில்லை. ஹைட்ராவில் 115 பல், ஆறு நகம். ஒவ்வொரு நகமும் தனித்தனி நேரத்தில் விழுவதால்தான் 690. ஆனிக்ஸ் ஹப்பில் நகமும் இல்லை, சத்தமும் இல்லை; உள்ளே இருக்கும் கிளட்ச் சட்டென்று கவ்விக்கொள்கிறது, எடை மட்டும் கொஞ்சம் கூடுதல். பாறை ஏற்றமே வாழ்க்கை என்பவர் வாங்கட்டும். ஹோப்பின் இரைச்சல் வேறு கதை. நடந்து போகிறவர்கள் தானாக ஒதுங்குவார்கள், மணியே தேவையில்லை.

எதை வாங்கினாலும் சட்டகத்தில் பின் ஹப் உட்காரும் இடத்தின் அகலம் 142 மில்லிமீட்டரா, பூஸ்ட் எனப்படும் 148-ஆ என்று அளந்துகொள்ளுங்கள். கேசட் பொருந்தும் முறை ஹெச்ஜியா, மைக்ரோ ஸ்ப்ளைனா, எக்ஸ்டியா என்றும் பாருங்கள். ஃப்ரீஹப்பைத் தனியாக மாற்றிக்கொள்ள முடிகிற ஹப் என்றால் நாளைக்கு கேசட் மாறினாலும் சக்கரம் தப்பிக்கும்.

என் பழைய சைக்கிளில் இன்னும் டியோர்தான், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து குண்டுகளைக் கழுவிப் போடுகிறேன். மற்றதில் 350, 36 பல். ஆசைப்பட்டு 54 பல் வளையங்களும் வாங்கினேன், இரண்டு வருடமாக டப்பாவைப் பிரிக்கவில்லை.