ஸ்டெம் செல் தானம்: சேகரிப்பு மையத்தின் சேவை குறித்து

என் தம்பியின் சிகிச்சைக்காக அண்மையில் ரத்த ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) தானம் செய்தேன். இனித் தானம் செய்ய இருப்பவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில், சேகரிப்பு மையத்தில் எனக்குக் கிடைத்த சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

ஸ்டெம் செல்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைக்க, உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம், ஃபில்கிராஸ்டிம் எனப்படும் ஜி-சிஎஸ்எஃப் மருந்தை நாள்தோறும் தோலுக்கடியில் செலுத்தினார்கள். ஐந்தாம் நாள் சேகரிப்பு. ஊசி போட்ட செவிலியர் நேரம் தவறாதவர், கை பதமானவர். ஆனால் இரண்டாம் நாள் இரவே இடுப்பிலும் மார்பெலும்பிலும் உள்ளிருந்து குடைவதுபோல வலி தொடங்கியது. கையேட்டைப் புரட்டினால், எலும்பு வலி வரலாம், பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம் என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. என் மனக்குறை இது ஒன்றுதான். காரணம் தெரிந்திருந்தால் அந்த இரவு முழுவதும் அஞ்சிக்கொண்டு விழித்திருக்க மாட்டேன்.

மறுநாள் பணியிலிருந்த மருத்துவர், கையேட்டின் பின்பக்கத்திலேயே படம் வரைந்து விளக்கினார். மஜ்ஜையில் மற்ற செல்களைத் தாங்கி நிற்கும் ஸ்ட்ரோமா செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்னும் வேதிச் சமிக்ஞையைச் சுரக்கின்றன. ஸ்டெம் செல்லின் மேற்பரப்பில் உள்ள சிஎக்ஸ்சிஆர்4 என்னும் ஏற்பி அந்தச் சமிக்ஞையை உணர்ந்துகொண்டிருக்கும் வரை, செல் தன் உறைவிடத்தை விட்டு எளிதில் அகலாது. இப்படி ஓர் உறைவிடம் இருக்க வேண்டும் என்று 1978இலேயே ரேமண்ட் ஸ்கோஃபீல்டு என்னும் ஆய்வாளர் முன்மொழிந்திருந்தார். ஜி-சிஎஸ்எஃப் மஜ்ஜையில் வெள்ளணுக்களைப் பெருக்குவதோடு, சிஎக்ஸ்சிஎல்12இன் அளவையும் குறைத்துவிடுகிறது. பிடி தளர்ந்த ஸ்டெம் செல்கள் ரத்த ஓட்டத்தில் கலக்கின்றன. எலும்புக்குள் நிகழும் இந்தப் பெருக்கத்தோடு சேர்ந்து வருவதே அந்த வலி. தம்முடைய செல்களையே சேகரித்துக்கொள்ளும் நோயாளிகள் சிலருக்கு இம்மருந்து மட்டும் போதாமல் போவதுண்டு. சிஎக்ஸ்சிஆர்4ஐ நேரடியாக அடைக்கும் பிளெரிக்ஸாஃபோரை அவர்களுக்குச் சேர்த்துக் கொடுப்பார்களாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

சேகரிப்பு நாளைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் சென்று, ஸ்டெம் செல்கள் பிரிக்கப்பட்ட பின் மறு கை வழியே திரும்பியது. ஐந்து மணி நேரம் ஆயிற்று. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் உதடு மரத்துப்போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அப்படி ஆனவுடன் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துக் கால்சியம் மாத்திரை தந்தார்கள். அந்தப் பகல் முழுவதும் செவிலியர் என் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. பெறுபவரின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல்கள் (சிடி34 என்னும் அடையாளப் புரதத்தைக் கொண்டு எண்ணப்படும் ஸ்டெம் செல்கள்) வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஒரே அமர்வில் அதைத் தாண்டிவிட்டது என்று மாலையில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வலி ஓரிரு நாளில் விட்டது. வெள்ளணு எண்ணிக்கை இயல்புக்கு வந்ததா என்று பார்க்க, இரு வாரங்கள் கழித்து அவர்களே அழைத்துப் பரிசோதித்தார்கள். மருத்துவர் வரைந்த படத்தை அன்று அவர்களிடம் கொடுத்து, அடுத்து வருபவரின் கையேட்டில் அதை அச்சிடும்படி கேட்டுக்கொண்டேன்.