திருவிழா மலருக்கு லாடெக்கா, டைப்ஸ்ட்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மலர் ஏ5 அளவு, 48 பக்கம். போன வருடம் லாடெக், இந்த வருடம் டைப்ஸ்ட். இரண்டுமே கட்டளைகளை எழுதிக் கொடுத்தால் அச்சுப் பக்கத்தை அமைத்துத் தரும் மென்பொருள்கள்.

பக்க ஓரம் என்றால் டைப்ஸ்ட்தான் சுலபம். ஒரே 'செட் பேஜ்' வரியில் தாள் அளவு, உள் ஓரம், வெளி ஓரம், மேல்தலைப்பு (பக்கத்தின் மேலே வரும் வரி) எல்லாம் அடங்கிவிடும். லாடெக்கில் ஓரத்துக்கு ஜியோமெட்ரி, மேல்தலைப்புக்கு ஃபேன்சிஹெடர் என்று தனித்தனித் துணைத் தொகுப்பு. மேல்தலைப்பு எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், 'ஹெட்ஹைட் (அதற்கு ஒதுக்கிய உயரம்) போதவில்லை' என்று எச்சரிக்கை வந்துவிட்டது. தமிழுக்கு லாடெக்கின் வழக்கமான வடிவமான பிடிஎஃப்லாடெக் ஆகாது, ஸீலாடெக் போன்ற யூனிகோட் வடிவம் வேண்டும். டைப்ஸ்ட்டுக்கு யூனிகோட் எழுத்துரு இருந்தால் சரி.

ஆனால் ஓடும் தலைப்பில்தான், அதாவது பக்கத்துக்குப் பக்கம் மாறும் மேல்தலைப்பில்தான் விஷயம். இடப்பக்கம் கோயில் பெயர், வலப்பக்கம் அந்தந்தக் கட்டுரையின் பெயர். லாடெக்கில் இதற்கு இரண்டே வரி. கட்டுரை மாறினால் பெயரும் தானே மாறும். கட்டுரையை அத்தியாயமாகப் போட்டால், அது தொடங்கும் பக்கத்தில் மேல்தலைப்பு தானாகவே மறைந்துவிடும். டைப்ஸ்ட்டில் 'இதற்கு முன்னால் வந்த கட்டுரைத் தலைப்பு எது' என்று நாமே தேடச் சொல்ல வேண்டும். மேல்தலைப்பு பக்கத்தின் உச்சியில் இருப்பதால், அதே பக்கத்தில் தொடங்கும் கட்டுரை அதன் கண்ணில் படாது. தீமிதி கட்டுரைக்கு மேலே அன்னதானக் கணக்கு என்று நின்றது. தலைவர் பார்த்துச் சிரித்தார்.

விளம்பரப் பக்கம் நிறைய, கட்டுரை குறைவு என்றால் டைப்ஸ்ட்டை எடுப்பேன். எங்கள் மலரில் கட்டுரைதான் அதிகம், அதனால் அடுத்த வருடம் மறுபடி லாடெக்.