ஒத்தக் கயிறா, ரெட்டக் கயிறா? சும்மா மரமேறி விளையாடுறவங்களுக்கு

மொதல்லயே சொல்லிடுறேன், நான் ரெட்டக் கயிறு கட்சி. ஒத்தக் கயிறு செட்டு முழுசா வாங்கி ஒரு வருசம் அதுலயே ஏறிட்டு, அப்பறம் பாதி சாமானை வித்துட்டு இந்தப் பக்கம் வந்தவன், அதனால நடுநிலையெல்லாம் எதிர்பாக்காதீங்க. தேங்கா பறிக்கவோ நொங்கு வெட்டவோ ஏறுறதப் பத்தி நான் பேச வரல, அதுக்கு நம்ம ஊர்ல தளை போட்டு ஏறுற ஆளுங்க இருக்காங்க, அவங்க பக்கத்துல நாம நிக்கவே முடியாது. நான் சொல்றது லீவு நாள்ல ஹார்னஸ் (இடுப்பையும் தொடையையும் சுத்தி மாட்டுற வார்) மாட்டிக்கிட்டு இலுப்பையிலயோ புளியிலயோ 40 அடி ஏறி, கிளைல நடந்து, ஏணை கட்டிப் படுத்து, ஊஞ்சல் ஆடிட்டு எறங்கி வந்து சோறு திங்குறது. அட்லாண்டாவுல பீட்டர் ஜென்கின்ஸ்னு ஒருத்தர் 1983லயே இதுக்குன்னு சங்கம் ஆரம்பிச்சு சாதாரண ஜனங்களுக்கு ஏறச் சொல்லிக்குடுத்தாரு, இங்க திருவையாறு பக்கம் எங்க சித்தப்பா கொல்லைல அதையே செஞ்சா "ஏன்டா ஒனக்கு வேற சோலி இல்லயா"ங்குறாங்க.

பழக்கமில்லாதவங்களுக்கு ரெண்டு வரி. ரெட்டக் கயிறுன்னாலும் கயிறு ஒண்ணுதான், கிளைக்கு மேல போட்டா ரெண்டு பக்கமும் தொங்கும், ஒரு முனை நம்ம இடுப்புல, அடுத்த பக்கத்துல பிளேக்ஸ் ஹிட்ச் மாதிரி, கையால நகத்துனா நகரும் வெயிட் விழுந்தா புடிச்சுக்கும்ங்குற ஒரு முடிச்சு, அதுவும் நம்ம இடுப்போட சேரும், நாம ஏற ஏற கயிறு கிளைமேல ஓடிட்டே இருக்கும். ஒத்தக் கயிறுன்னா கயிறு நகராது, மேல கிளைலயோ கீழ அடிமரத்துலயோ கட்டிப்போட்டுட்டு, குகைக்குள்ள போறவங்க மாதிரி நெஞ்சுல ஒரு அசெண்டர் (கயித்துல மேல மட்டும் நகரும், கீழ வழுக்காமப் புடிச்சுக்குற கருவி), கைல ஒரு அசெண்டர், கை அசெண்டர்லேர்ந்து காலுக்கு ஒரு வளையம், எந்திரிச்சு உக்காந்து எந்திரிச்சு உக்காந்து போயிட்டே இருக்கணும்.

வேகம்னா ஒத்தக் கயிறுதான், பேச்சே இல்ல. ரெட்டக் கயித்துல 2 அடி இழுத்தா நாம 1 அடிதான் ஏறுவோம், பளு பாதியாவுறது உண்மைதான், ஆனா 60 அடி மரத்துக்கு 120 அடி கயிறு இழுக்கணும், கிளைல உரசுறது வேற தனிக்கணக்கு. ஆத்தோரத்து நீர்மருது மாதிரி ஒசந்த மரமா இருந்தா கை ஓஞ்சுடும். செலவுன்னு பாத்தா ரெட்டக் கயிறு சிக்கனம், கயிறு, ஹார்னஸ், ஹெல்மெட், நாலஞ்சு காரபினர் (தெறந்து மூடுற கொக்கி), ஒரு லேன்யார்டு (நம்மள மரத்தோட சேத்து மாட்டிக்குற குட்டைக் கயிறு), மிச்சத்துக்கு முடிச்சு போதும். கயிறு மட்டும் ரெண்டுக்குமே நல்ல கயிறா இருக்கணும், கிணத்துக்கு வாங்குற நைலான் கயித்துல ஏறுறேன்னு சொல்ற ஆளுகூட நான் பேச்சே வச்சுக்கறதில்ல.

இன்னொன்னு, லைன் போடுறது. 300 கிராம் மணல் பையை மெல்லிசு நூல்ல கட்டி கிளைக்கு மேல எறியிறது ரெண்டுக்கும் பொதுதான், ஆனா ரெட்டக் கயித்துக்கு அந்த ஒரு கிளை தனியா அகப்படணும், ரெண்டு கயித்துக்கும் நடுவுல குச்சியோ இன்னொரு கிளையோ சிக்குனா கயிறு ஓடாது. ஒத்தக் கயிறை அடிமரத்துல கட்டுறவனுக்கு அந்தக் கவலை ரொம்பக் கம்மி, நடுவுல ரெண்டு சிம்பு கெடந்தாலும் போயிட்டே இருப்பான். அடர்ந்த மாமரத்துல சரியான கவைல பை விழ அரை மணி நேரம் எறிஞ்ச நாளெல்லாம் எனக்கு உண்டு, பை போயி பக்கத்து வீட்டு ஓட்டுமேல விழுந்து அந்தக் கெழவி கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதும் உண்டு.

செலவைத் தவிர மத்ததெல்லாம் ஒத்தக் கயித்துக்கு சாதகமாதானே இருக்கு, அப்பறம் ஏன்டா மாறுனேன்னு கேட்டா, ஒரே காரணம், எறங்குறது.

சித்திரை மாசம், மாமரம். அதுக்கு மொத நாளே லைன் போட்டு வச்சாச்சு, காலைல வெயில் ஏறுறதுக்குள்ள போயிடலாம்னு கெளம்புனேன், கீழ மச்சான் நின்னுட்டிருக்கான். 35 அடி போயிருப்பேன், கயிறு ஒரு எலைக்கொத்த உரசிட்டே இருந்திருக்கு, அந்த எலைக்கொத்துதான் முசுறு கூடுன்னு எனக்குத் தெரியாது. முசுறு தெரியும்ல, பச்ச எலைய இழுத்து ஒட்டிப் பந்து மாதிரி கூடு கட்டுற செவ்வெறும்பு, கடிச்ச எடத்துலயே அமிலத்தையும் பீச்சும். அதுக்கு என் கயிறுதான் ரோடு. மொதல்ல கைல நாலு, அப்பறம் கழுத்துல, அப்பறம் எண்ண முடியல. நெஞ்சு அசெண்டர்ல பல்லு இருக்கும், நம்ம வெயிட் அதுல தொங்குற வரைக்கும் அது கயித்த விடாது. எறங்கணும்னா டிசெண்டரை (கயித்த உரசவிட்டு மெதுவா எறக்குற கருவி) எடுத்து கீழ கயித்துல மாட்டி, பூட்டி, கால் வளையத்துல எந்திரிச்சு நின்னு, நெஞ்சு அசெண்டரைக் கழட்டி, டிசெண்டர்ல உக்காந்து, அப்பறம் கை அசெண்டரையும் கழட்டணும். வீட்டுல தூலத்துல தொங்கிப் பழகுனப்ப 1 நிமிசம்கூட ஆகல. கண்ணு இமையில முசுறு கடிக்கும்போது எவ்வளவு நேரம் ஆச்சுன்னு மச்சான்தான் சொன்னான், 6 நிமிசத்துக்கு மேலயாம். நடுவுல ஒரு காரபினர் வேற கைய விட்டுக் கீழ போச்சு, நல்லவேளை அவன் தலைல ஹெல்மெட் இருந்துச்சு.

அன்னைக்கு தேங்கா வெட்ட வந்திருந்த அண்ணன் வேலைய நிறுத்திட்டு இதைப் பாத்துட்டே இருந்திருக்காரு. நான் தரைக்கு வந்து சட்டையைக் கழட்டி உதறிட்டு நிக்கயில கேட்டாரு, "ஏறுறதுக்கு இவ்வளவு சாமான் வாங்குன தம்பி, எறங்குறதுக்கு ஒண்ணும் வாங்கலியா?" வாங்கியிருந்தேன் அண்ணே, இடுப்புலதான் தொங்குச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ரெட்டக் கயித்துல அந்தப் பிரச்சனையே கெடையாது. ஏறுற முடிச்சும் எறங்குற முடிச்சும் ஒண்ணுதான், மேல கைய வச்சு லேசா அழுத்துனா எறங்க ஆரம்பிச்சுடும், கைய எடுத்தா நின்னுடும், ஒண்ணும் கழட்ட வேணாம் ஒண்ணும் மாட்ட வேணாம். கண்ண மூடிட்டே எறங்கலாம், நான் எறங்கியிருக்கேன். நம்ம டெல்டாவுல முசுறுக்கு மட்டும் பயந்து நான் இதச் சொல்லல, கதண்டு (பெரிய வெஷக் குளவி) இருக்கு. கதண்டு கொட்டி ஆள் செத்த சேதி அப்பப்ப பேப்பர்ல வருதுல்ல, பனையிலயும் தென்னையிலயும் மட்டும்தான் கட்டும்னு நெனச்சுக்காதீங்க. ஏறுறதுக்கு முன்னாடி மரத்தச் சுத்தி வந்து அண்ணாந்து 10 நிமிசம் பாக்குறது என் பழக்கம், கூடு கண்ணுல பட்டா அந்த மரத்துக்கு அன்னைக்கு லீவு. ஆனா எலைக்குள்ள இருக்குறது கீழேர்ந்து தெரியாது, அதான் விசயமே. பாம்புக்கு நான் அவ்வளவா பயப்படுறதில்ல, கொம்பேறிமூக்கன் ஒண்ண ஒருதரம் கைக்கெட்டுற தூரத்துல பாத்தேன், கடிச்சா சுடுகாடு வரைக்கும் வந்து பொகை வருதான்னு பாக்கும்னு ஆச்சி சொன்ன கதை ஞாபகம் வந்துச்சு, அது வெஷமில்லாத பாம்புதான், அது பாட்டுக்குப் போயிருச்சு.

ஒத்தக் கயிறுக்காரங்க இதுக்கு ஒரு பதில் வச்சிருப்பாங்க, அடிமரத்துல டிசெண்டர் வச்சுக் கட்டிட்டா கீழ நிக்குற ஆளே நம்மள எறக்கிடலாம்னு. முடியும்தான். ஆனா கயிறு மேல போக ஒரு தடவை, கீழ வர ஒரு தடவை, எறக்க விட்டுக்குடுக்க இன்னொரு தடவைன்னு ஒசரத்துக்கு மூணு மடங்குக்கு மேல நீளம் வேணும், அதவிட முக்கியமா கீழ விவரம் தெரிஞ்ச ஆள் போனை நோண்டாம நிக்கணும். என் மச்சானை எனக்குத் தெரியும்.

அடுத்தது கிளை மேல விழுற பளு, இதுவும் நம்ம பக்கத்துல ரொம்ப யோசிக்க வேண்டியது. என் வெயிட் 70 கிலோன்னு வைங்க, ரெட்டக் கயித்துல அந்த 70தான் கிளை மேல எறங்கும், ஒத்தக் கயிறை மேலயே கட்டுனாலும் அதே 70. அடிமரத்துல கட்டுனா நான் ஒரு பக்கம் இழுக்குறேன், அடிக்கட்டு இன்னொரு பக்கம் இழுக்குது, கிட்டத்தட்ட 140 கிலோவ அந்தக் கிளை தாங்கணும். புளின்னா சிரிச்சுட்டே தாங்கும். தூங்குமூஞ்சி, நாவல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல, முருங்கையப் பத்தி சொல்லவே வேணாம். 2018 நவம்பர் 16 கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறுனப்ப பேராவூரணி பட்டுக்கோட்டை பக்கம் தென்னை மொத்தமும் சாஞ்சது எல்லாருக்கும் தெரியும், ஆனா சாயாம நின்ன மரத்துலயும் உள்ளுக்குள்ள வெடிப்பு இருக்கலாம், வெளிய பட்டை மூடியிருக்கும். அந்தப் பக்கம் பெரியம்மா தோப்புல ஒரு வேம்புல நான் லைன் போட்டு ரெண்டு பேரா தொங்கி இழுத்துப் பாக்கும்போதே கிளை முறிஞ்சு வந்துச்சு, உள்ள பூராவும் கருத்துப்போயி கெடந்துச்சு. அதுக்கப்பறம் புது மரத்துல ரெண்டு பேர் தொங்கிப் பாக்காம நான் கால் வைக்கிறதில்ல.

விளையாட்டுன்னு வந்தா ரெட்டக் கயிறு தனி சொகம். கிளை நுனி வரைக்கும் நடந்து போறப்ப முடிச்சை ஒரு கையால தள்ளிட்டே போலாம், திரும்பி வரயில தொய்வை இழுத்துக்கலாம், கால் வழுக்குனா கொஞ்ச தூரம் ஊஞ்சல் மாதிரி ஆடி நிப்போம். பல்லு வச்ச அசெண்டர்ல தொய்வு விட்டு விளையாடவே கூடாது, தொய்வோட விழுந்தா அந்தப் பல்லு கயித்தோட மேலுறையக் கிழிச்சுடும். எதுல ஏறுனாலும் கயிறு தொங்குற கிளைக்கு மேல ஏறிப்போயி நிக்காதீங்க, போயே ஆகணும்னா லேன்யார்டை மேல மாட்டிட்டு அப்பறம் கயிறை மாத்துங்க.

ஏணை கட்டுற அன்னைக்கு மட்டும் ஒத்தக் கயிறு இல்லயேன்னு இருக்கும், அதயும் சொல்லணும்ல. ரெண்டு இலுப்பைக்கு நடுவுல 30 அடி ஒசரத்துல ஏணை கட்டி நாலு பேர் மாத்தி மாத்திப் போறதுன்னா, கட்டுன கயிறு ஒண்ணு தொங்கிட்டே இருந்தா ஒவ்வொருத்தனா ஏறி வருவான். பங்குனியில இலுப்பை பூத்திருக்கும்போது அங்க படுத்திருந்தா அந்த வாசனை, சாயங்காலம் ஆனா வௌவால் வரும், நாம எறங்கிடணும், அது அதுங்க நேரம். கோயில் மரத்துல இதெல்லாம் வேணவே வேணாம், திருவிடைமருதூர்ல மருது, இலுப்பைப்பட்டுல இலுப்பைன்னு தலவிருட்சத்தக் கும்புடுற ஊருங்க நம்மளது, நூலைக்கூட எறியாதீங்க.

ரெட்டக் கயித்தோட கொறைன்னா பராமரிப்பு. கயிறு கிளைமேல ஓடுறதால பட்டையும் தேயும் கயிறும் தேயும், மாம்பால் பட்டா பிசுபிசுன்னு ஆயி முடிச்சு நகராது. ரெண்டு பக்கம் வளையம் வச்ச பட்டை வார் ஒண்ணு கிளைல மாட்டி அதுக்குள்ள கயிறு ஓடுற மாதிரி வச்சா ரெண்டுமே பொழைக்கும், நான் இப்ப அது இல்லாம ஏறுறதில்ல. வேகமா எறங்குனா முடிச்சு சூடாயி நூல் கண்ணாடி மாதிரி மினுமினுன்னு உருகிப்போகும், அந்தத் துண்டை வெட்டிட்டு புதுசு போட்டுடணும், அதனால முடிச்சுக்குன்னு தனித் துண்டுக் கயிறு வச்சிருக்கேன். கயிறு முனைல ஒரு தடுப்பு முடிச்சு கண்டிப்பா வேணும். நம்ம வண்டல் சேறு கயித்துக்குள்ள போயிட்டா உள்ளேர்ந்து அரிக்கும், தார்ப்பாய் விரிச்சு அதுமேலதான் கயிறைப் போடணும், பச்சத் தண்ணில அலசி நெழல்ல காயவைக்கணும். ஐப்பசி கார்த்திகைல நான் ஏறுறதே இல்ல, பட்டை வழுக்கும், ஈரக் கயித்துல முடிச்சு எப்ப புடிக்கும் எப்ப விடும்னு கணக்கு தப்பும்.

கெவின் பிங்ஹாம் கண்டுபிடிச்ச ரோப் ரெஞ்ச்னு ஒண்ணு இருக்கு, முடிச்சுக்கு மேல மாட்டுனா உரசல் கூடி, ஒத்தக் கயித்துலயே அதே முடிச்சுல எறங்கலாம், கழட்டி மாட்டுற தொல்லை இல்ல. அது வந்துட்டா நான் மேல சொன்ன காரணம் பாதி அடிபட்டுப்போவுது, ஒத்துக்குறேன். ஆனா திருச்சி நண்பர் ஒருத்தர் குடுத்து 2 நாள்தான் ஏறிப்பாத்தேன், அதுவும் நல்லா பழகுன புளியில, வேண்டாம்னோ வாங்குன்னோ சொல்ற அளவுக்கு எனக்கு அனுபவம் பத்தாது. 70 அடிக்கு மேல ஏறுறதுலயும் நான் சொல்றத நம்பாதீங்க, அவ்வளவு ஒசரம் மூணே தரம்தான் போயிருக்கேன்.

நெஞ்சு அசெண்டரை வித்தாச்சு. கை அசெண்டரையும் கேட்டாங்க, குடுக்கல, சித்தப்பா அதுல ஒரு கயிறு கோத்து மாட்டுக்கொட்டாய்ல வைக்கோல் கட்டு ஏத்திட்டிருக்காரு, கேட்டா "இப்பதான்டா இது ஒரு வேலைக்கு ஆவுது"ங்குறாரு.