டாக்குமென்ட்.ஆல் இருக்கிறதா, இல்லையா?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நான் எடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வகுப்பில் ஒரு தம்பி, கன்சோலில் டாக்குமென்ட்.ஆல்-ஐ (document.all, பக்கத்திலுள்ள எல்லா எலிமென்ட்டுகளின் தொகுப்பு) டைப்ஆஃப் (typeof, ஒரு மதிப்பு எந்த வகை என்று சொல்லும் ஆபரேட்டர்) போட்டுப் பார்த்தான். ‘அன்டிஃபைன்ட்’, அதாவது அப்படி ஒன்று இல்லை, என்று வந்தது. லெங்த் கேட்டால் எண் வருகிறது. வெறுமையைக் குறிக்கும் நல் (null) உடன் ஒப்பிட இரண்டு சமக்குறி போட்டால் ட்ரூ, கண்டிப்பாக ஒப்பிடும் மூன்று போட்டால் ஃபால்ஸ். “அக்கா, இது இருக்கோ, இல்லையோ?” என்றான். நியாயமான கேள்வி.

பிரவுசர் தரும் பொருள்கள்மேல் டைப்ஆஃப் எப்படி நடக்க வேண்டும்? மூன்று வழிகள் நடைமுறையில் இருந்திருக்கின்றன.

முதலாவது, பிரவுசர் விருப்பம். 1999-இல் வந்த எக்மாஸ்கிரிப்ட் 3 (ஜாவாஸ்கிரிப்ட்டின் தரம், மூன்றாம் பதிப்பு) இதைத்தான் அனுமதித்தது. விளைவு, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8-இல் எலிமென்ட்டை எடுத்துத் தரும் ஃபங்ஷனான கெட்எலிமென்ட்பைஐடி கூட ‘ஆப்ஜெக்ட்’. கூப்பிட முடிந்த ஒன்றை ஃபங்ஷன் இல்லை என்று சொன்னால் எதை நம்பி நிரல் எழுதுவது? இந்த வழி வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, பழைய பக்கங்களுக்காக வளைவது. டாக்குமென்ட்.ஆல் எக்ஸ்புளோரர் 4-உடன் வந்தது. “அது இருந்தால் எக்ஸ்புளோரர்” என்று சோதித்த பக்கங்கள் ஒருபுறம், சோதிக்காமலே பயன்படுத்திய பக்கங்கள் மறுபுறம். மற்ற பிரவுசர்களில் இரண்டும் ஓட வேண்டுமென்றால் பொருளைக் கொடுத்துவிட்டு, இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பக்கம் உடைந்தால் கஷ்டப்படுவது வாசகர்தானே. அதனால் இந்தப் பொய்யை என்னால் மன்னிக்க முடிகிறது, ஆனால் இந்த ஒன்றுக்கு மட்டும்.

மூன்றாவது, எல்லாருக்கும் ஒரே விதி. 2009-இல் எக்மாஸ்கிரிப்ட் 5 சொன்னது: கூப்பிட முடிந்தால் ‘ஃபங்ஷன்’ என்றே வர வேண்டும்; முடியாவிட்டால் ‘அன்டிஃபைன்ட்’, ‘நம்பர்’ போன்றவை வரக்கூடாது. என் ஓட்டு இதற்குத்தான். டாக்குமென்ட்.ஆல் பின்னர் தனி விதிவிலக்காகத் தரத்திலேயே எழுதப்பட்டது. விதிவிலக்கை மறைக்காமல் எழுதி வைத்ததும் சரிதான்.

இன்ஸ்டன்ஸ்ஆஃப் (instanceof, ஒரு பொருள் குறிப்பிட்ட கன்ஸ்ட்ரக்டரைச் சேர்ந்ததா என்று சொல்லும் ஆபரேட்டர்) வேறு கதை. அது பொய் சொல்வதில்லை, ஆனால் தன் ஜன்னலைத் தாண்டிப் பார்க்காது. ஐஃப்ரேமிலிருந்து (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) எடுத்த டிவ் எலிமென்ட்டை எச்டிஎம்எல்எலிமென்ட்டா என்று கேட்டால் ஃபால்ஸ், ஏனெனில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அந்தக் கன்ஸ்ட்ரக்டர் தனித்தனி. அரேக்கும் (பட்டியலுக்கும்) இதே சிக்கல் இருந்தது, அரே.இஸ்அரே வந்து தீர்த்தது. எலிமென்ட்டுக்கு நோட்டைப் (nodeType, பக்கத்தின் உறுப்பு எந்த வகை என்று சொல்லும் எண்) 1-ஆ என்று பார்ப்பதே கைகொடுக்கும். யாராவது வேண்டுமென்றே நோட்டைப் வைத்த வெற்றுப் பொருளை அனுப்பினால் ஏமாறும், அவ்வளவுதான். தம்பியின் பயிற்சி நிரலில் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டிருந்த ஒரு வரியை நோட்டைப் சோதனையாக மாற்றினோம். ஐஃப்ரேமிலிருந்து வந்த டிவ்வும் தேறியது.