ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குப் புதிய பிரேக் ஹோஸ்: வாங்கிப் பார்த்ததும் வாங்காமல் விட்டதும்

பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்த 1966ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் வலப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் முன்புற வலச் சக்கரத்தின் டிரம்மில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறியிருந்தது. சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரை இரண்டு முறை மாற்றியும் பலன் இல்லாத நிலையில், வயதான மெக்கானிக் ஒருவர்தான் நோயின் இடத்தைக் காட்டினார். சக்கரத்தில் காற்று நீக்குவதற்கான திருகை, அதாவது பிளீடிங் நிப்பிளைத் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டது. மறுபடி மிதித்து இறுக்கிவிட்டு, சக்கரத்துக்குப் போகும் வளையும் ரப்பர் குழாயான ஹோஸுக்கு முன்னால் இரும்புக் குழாய் சேரும் இணைப்பைத் தளர்த்தியபோது சக்கரம் விடுபடவில்லை. அடைப்பு இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில், அதாவது ரப்பர் ஹோஸுக்குள்ளேயே இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. கழற்றி நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத ஹோஸின் உட்சுவர், ஊறிய பருப்பைப் போல உப்பிப் போயிருந்தது. மிதிக்கும்போது ஏற்படும் அழுத்தத்தில் பிரேக் திரவம் உள்ளே போய்விடுகிறது; திரும்பி வரத்தான் வழியில்லை.

இந்தக் காரின் பிரேக் அமைப்பு ஒற்றைச் சுற்று கொண்டது. மிதியோடு இணைந்த ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் திரவம் போவதால், ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு பிரேக்குகளும் போய்விடும், மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. ஆகவே ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் மாற்றுவதென்று முடிவு செய்தேன். எல்லாம் என்றால் எத்தனை என்பதிலேயே கடைக்காரர்களுக்குக் குழப்பம் இருந்தது. அம்பாசடர், பத்மினி போன்ற கார்களுக்கு முன்னால் இரண்டும் இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் பின் ஆக்ஸிலுக்கு ஒன்றுமாக மூன்று ஹோஸ்கள் போதும். ஹெரால்டின் பின்சக்கரங்களோ ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக ஏறி இறங்குபவை என்பதால் பின்னாலும் இரண்டு வேண்டும். சென்னைக்கு அருகே இதே நிறுவனம் 1970களில் தயாரித்த ஸ்டாண்டர்டு கெஸலில் பின்னால் ஒரே ஆக்ஸிலாக மாற்றிவிட்டார்கள். எனவே 'ஹெரால்டுக்கும் கெஸலுக்கும் ஒன்றுதான் சார்' என்று சொல்பவரிடம் பின்புற ஹோஸ் வாங்குவது அறிவுடைமை ஆகாது.

முதலில், சென்னையில் பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடினேன். ஒரு கடையில், பிரிக்கப்படாத பழைய உறையோடு, அசல் பொருள் என்ற பெருமையோடு இரண்டு முன்புற ஹோஸ்கள் கிடைத்தன. உலோக முனைகளின் நேர்த்தி இன்றைய தயாரிப்புகளில் காண முடியாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரப்பர் காரில் பூட்டினால்தான் வயதாகும் என்பதில்லை, அலமாரியிலும் வயதாகிறது. வளைத்துப் பார்த்தபோது வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. கண்ணாடி அலமாரியில் வைத்து ரசிக்கலாம் என்பதற்கு மேல் இவற்றைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

இரண்டாவது வழி, பழைய முனைகளை வைத்துக்கொண்டு நடுவில் புதிய ஹோஸை அழுத்திப் பூட்டித் தருவது. ஹைட்ராலிக் ஹோஸ் செய்யும் பட்டறை ஒன்றில் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். ஒன்றுக்கு 450 ரூபாய் கேட்டார்கள். வேலை சுத்தமாகவே இருந்தது. சிக்கல் ஹோஸின் உள்ளே இருக்கும் ரப்பரில்தான். மண் அள்ளும் இயந்திரங்களுக்கான ஹோஸ்களின் உட்சுவர் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரால் ஆனது. அது கனிம எண்ணெயைத் தாங்கும், கிளைக்கால் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட பிரேக் திரவத்தைத் தாங்காது. பிரேக் ஹோஸுக்குத் தேவையான இபிடிஎம் ரப்பரோ இதற்கு நேர் எதிரானது. கனிம எண்ணெய் பட்டால் உப்பிவிடும். நம் ஊரில் இந்தத் திரவத்தைப் 'பிரேக் ஆயில்' என்று அழைக்கும் வழக்கமே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் 'ஆயில்தானே, எந்த ஹோஸாக இருந்தால் என்ன' என்று அந்தப் பட்டறைக்காரர் என்னிடம் மெய்யாகவே கேட்டார். எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று பெருமையாகக் காட்டினாரே தவிர, எந்தத் திரவத்தைத் தாங்கும் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளைப் பயன்படுத்தாமல் வைத்துவிட்டேன்.

கடைசியில் இங்கிலாந்திலிருந்து, நம் ஹெரால்டின் மூலமான ட்ரையம்ப் ஹெரால்டுக்கான ரப்பர் ஹோஸ்கள் நான்கை வரவழைத்தேன். தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்து ஏறத்தாழ 9,000 ரூபாய் ஆனது. பையைப் பிரித்தவுடன் நான் பார்த்தது ஹோஸின் மேல் இருந்த எழுத்துகளைத்தான். தயாரிப்பாளரின் குறி, தயாரித்த மாதமும் ஆண்டும், உள்விட்டம், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரத்தைக் குறிக்கும் டாட் முத்திரை, எச்ஆர் என்ற எழுத்துகள் ஆகிய யாவும் தெளிவாக அச்சாகியிருந்தன. எச்ஆர் என்பது வழக்கமான அளவு விரிவடையும் ஹோஸ், எச்எல் என்பது குறைவாக விரிவடைவது. அமெரிக்க விதிப்படி, இந்த அளவுள்ள ஹோஸ் 4,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தை இரண்டு நிமிடம் தாங்க வேண்டும், 7,000 பிஎஸ்ஐக்குக் கீழே வெடிக்கக் கூடாது, இயந்திரத்தில் 35 மணி நேரம் விடாமல் சுழற்றி ஆட்டினாலும் ஒழுகக் கூடாது. நம் நாட்டுத் தயாரிப்பாக இருந்தால் ஐஎஸ் 7079 என்ற தர எண்ணைத் தேட வேண்டும். எழுத்தே இல்லாத ஹோஸை, கடைக்காரர் எத்தனை தலைமுறையாகத் தெரிந்தவராக இருந்தாலும், வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ்களைப் பற்றியும் கேட்பார்கள். நண்பர் ஒருவரின் ஹெரால்டில் அவை இருக்கின்றன. இரண்டு கார்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தேன். மிதி சற்றே இறுக்கமாகத் தெரிந்தது உண்மைதான், ஆனால் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள காரில் அந்த வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் தருவதில் பொருளில்லை. டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் உள்ள இடைவெளியைச் சரியாக வைத்தாலே அதைவிட அதிக இறுக்கம் கிடைக்கும். மேலும் மேலுறை இல்லாத பின்னல், உரசும் இடத்தை அரம் போல அறுக்கும். உள்ளே இருப்பதன் நிலையையும் கண்ணால் பார்க்க முடியாது.

நீளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார். முன்சக்கரம் அவ்வளவு மடங்குவதால், நேராக நிற்கும்போது போதுமானதாகத் தோன்றும் ஹோஸ், முழுத் திருப்பத்தில் கம்பியைப் போல விறைத்துவிடலாம். பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதால், ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப இன்னொருவர் வசதியாக நின்று பார்க்கலாம். இந்த வசதி வேறு பல கார்களில் இல்லை. பின்னால், ஜாக்கி போட்டுத் தூக்கும்போது சக்கரம் மிகவும் கீழே தொங்கும். அந்த நிலையிலும் ஹோஸில் தளர்வு இருக்க வேண்டும்.

மரையிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் காரில் இருப்பது 3/8 அங்குல, அங்குலத்துக்கு 24 சுற்றுகள் கொண்ட யுஎன்எஃப் என்ற அங்குல அளவு மரை. இன்றைய கார்களின் எம்10 என்ற 10 மில்லிமீட்டர் மரையும் கண்ணுக்கு அதே போலத் தெரியும், விட்டத்தில் வேறுபாடு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 3/8 அங்குல முனை எம்10 துளைக்குள் தளர்வாக ஏறி, பிடித்ததைப் போலப் பாவனை செய்து, அழுத்தம் வந்ததும் கைவிட்டுவிடக்கூடும். மரை அளவியை வைத்துப் பார்க்காமல் எதையும் பூட்டக் கூடாது.

வந்த ஹோஸ்கள் நான்கும் மரையிலும் நீளத்திலும் சரியாக இருந்தன. சக்கரப் பக்க முனையைப் புதிய செம்பு வாஷரோடு முதலில் இறுக்கிவிட்டு, பிறகு மறுமுனையைப் பிராக்கெட்டில் நுழைத்து லாக்நட்டைப் பூட்டினோம். ஹோஸின் நீளவாக்கில் ஓடும் கோடு முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்தோம். அந்தக் கோடு போட்டிருப்பதே அதற்காகத்தான். டாட் 4 என்ற தரத்திலான பிரேக் திரவத்தை ஊற்றி, தொலைவில் இருக்கும் பின்புற இடச் சக்கரத்திலிருந்து காற்று நீக்கத் தொடங்கினோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஓட்டிச் சென்று இறங்கித் தொட்டுப் பார்த்தபோது, முன்புற டிரம்கள் இரண்டிலும் ஒரே அளவான வெதுவெதுப்புதான் இருந்தது. கார் நேராக நிற்கிறது. இந்த ஹோஸ்களுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், இவ்வளவு விலை கொடுத்தும் செம்பு வாஷர்களை உடன் அனுப்பாததுதான். நாற்பது ரூபாய்ப் பொருளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காரை ஸ்டாண்டு மேல் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது.