மூன்று கண்ணாடி எம்9 லென்ஸ்: வாங்கலாம், பிரிக்க மட்டும் யோசியுங்கள்

கையடக்க நீல லேசர்களில் 12 மி.மீ. மாட்யூலுக்குள் (ஒளியை உண்டாக்கும் டயோடு உட்காரும் உலோக உறை) திருகி மாட்டும் லென்ஸ் பெரும்பாலும் ஒரே அளவுதான். வெளிமரை 9 மி.மீ., மரை இடைவெளி 0.5 மி.மீ. எம்9 என்று கேட்டால் மூன்று ரகம் கிடைக்கும். அக்ரிலிக் லென்ஸ் சில மில்லிவாட் சிவப்பு பாயிண்டருக்குச் சரி, வாட் கணக்கில் ஓடும் நீல டயோடுக்கு முன்னால் வைத்தால் கருகிவிடும். மிச்சம் இருப்பவை ஜி2 என்று அழைக்கப்படும் ஒற்றைக் கண்ணாடியும், மூன்று கண்ணாடிகளை ஒரே குழலில் அடுக்கிய, இங்கே பேசப்போகும் மூன்று கண்ணாடியும்.

மூன்று கண்ணாடியின் பலம் கதிர் விரிவு குறைவு என்பது. தூரத்துச் சுவரில் ஜி2 காட்டும் பட்டையைவிட இதன் பட்டை ஒடுக்கமாக இருக்கும். விலை கொடுப்பது பவரில். கோட்டிங் (ஒளி திரும்புவதைக் குறைக்கும் மெல்லிய பூச்சு) இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். மூன்று கண்ணாடிக்கு ஆறு பரப்பு, அதாவது 22 சதவீதம் காலி. நல்ல கோட்டிங் இருந்தால் இந்தக் கணக்கு வெகுவாக இறங்கும். ஆனால் டயோடிலிருந்து அகலமாக விரிந்து வரும் ஒளியின் ஓரம் லென்ஸ் குழலில் வெட்டுப்படுவதைக் கோட்டிங்கால் தடுக்க முடியாது. எரிக்கவும் செதுக்கவும் ஜி2 எடுங்கள், தூரம் போக இதை எடுங்கள்.

கோட்டிங் எந்த நிறத்துக்கு என்று வாங்கும்போதே பார்த்துவிடலாம். டியூப் லைட் வெளிச்சத்தில் லென்ஸைச் சாய்த்துப் பிடியுங்கள். பிம்பம் நீலச் சாயலில் தெரிந்தால் அது பெரும்பாலும் சிவப்பு லேசருக்கான பூச்சு, நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். நீலத்துக்கான பூச்சு மஞ்சள் அல்லது சிவப்புச் சாயல் காட்டும். ஒரே பெயரில் இரண்டும் விற்கிறார்கள்.

புள்ளியைச் சுற்றி மங்கலான வட்டம் வருகிறது, தீக்குச்சி பற்ற நேரமாகிறது என்றால் உடனே பிரிக்க உட்கார வேண்டாம். முதலில் அழுக்கு எங்கே என்று பாருங்கள். 450 நானோமீட்டருக்கு ஏற்ற, ஓ.டி. (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) 4 அல்லது அதற்கு மேல் எழுதப்பட்ட ஆரஞ்சுப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஃபோகஸை நன்றாக விரித்து, பளபளப்பில்லாத சுவரில் அடியுங்கள். கரும்புள்ளிகளும் வளையங்களும் தெரியும். லென்ஸை மெல்லத் திருகும்போது அவையும் கூடவே சுற்றினால் அழுக்கு லென்ஸில். லென்ஸ் சுற்ற அவை அசையாமல் நின்றால் டயோடின் ஜன்னலில். 500 மில்லிவாட்டுக்கு மேல் எல்லாமே லேசர்களில் மிக ஆபத்தான வகுப்பு 4, சுவரில் பட்டுச் சிதறும் ஒளியே கண்ணைக் கெடுக்கும் என்பதால் இந்தச் சோதனையில் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி ஒரு பார்வை பார்ப்பது கூடாது.

அழுக்கு லென்ஸில் என்றாலும் பெரும்பாலும் முன் முகத்திலோ டயோடைப் பார்க்கும் பின் முகத்திலோதான் இருக்கும். இரண்டுக்கும் குழலைப் பிரிக்கத் தேவையே இல்லை. பேட்டரியை எடுத்துவிட்டு, லென்ஸை எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொண்டே கழற்றுங்கள். அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், துள்ளிப் போகும். விளிம்புள்ள தட்டில் வெள்ளைத் தாள் விரித்து வேலை செய்தால் தேட வேண்டாம்.

ரப்பர் ஊதியால் தூசியைத் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், காய்ந்ததும் படலம் விடும். லென்ஸ் டிஷ்யூவை மரக்குச்சி நுனியில் சுற்றி ஒரே ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றியபடி ஒரு இழுப்பு. அந்தத் துண்டை எறிந்துவிட்டு அடுத்தது. அதே துண்டால் மறுபடி தேய்த்தால் எடுத்த மணலே கோட்டிங்கைக் கீறும். அசிட்டோன் வெறும் கண்ணாடிக்கு ஆகும், ஆனால் குழலில் பசை இருந்தால் அதைக் கரைத்துக் கண்ணாடி மேல் பூசிவிடும். விரல் ரேகை பட்ட இடத்தில் லேசரை ஓட்டினால் எண்ணெய் வெந்து கோட்டிங்கில் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்தத் திரவத்துக்கும் அது அசையாது.

இத்தனைக்குப் பிறகும் புள்ளிகள் சுற்றினால்தான் உள்ளே போக வேண்டும். இந்தப் பொருளின் உண்மையான குறையும் அங்கேதான். கண்ணாடிகளைப் பிடித்து நிற்கும் மெல்லிய திருகு வளையத்தில் இரண்டு சின்ன வெட்டுகள் மட்டும் உண்டு, அதற்கென்று சாவி எதுவும் கூட வருவதில்லை. ஜியாமெட்ரி பாக்ஸ் டிவைடர் சரியாகப் பொருந்தும். வழுக்கினால் நேராகக் கண்ணாடியில்தான் கோடு விழும், அதனால் டிஷ்யூவில் வட்டம் வெட்டிக் கண்ணாடி மேல் வைத்துவிட்டுத் திருகுங்கள். வளையம் பசையில் உட்கார்ந்திருந்தால் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். அதற்கும் இளகாவிட்டால் விட்டுவிடுங்கள், புது லென்ஸ் வாங்குவதே லாபம்.

வளையம் வந்ததும் குழலைக் குலுக்காதீர்கள். வாய்மேல் டிஷ்யூவை மூடி, அப்படியே கவிழ்த்து, குழலை மட்டும் நேராக மேலே தூக்குங்கள். கண்ணாடிகளும் இடைவளையங்களும் அடுக்காக நிற்கும். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் போட்டோ. வரிசையும் திசையும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகின்றன, படத்தை நம்புங்கள், இணையத்து வரைபடத்தை நம்பாதீர்கள். எந்தப் பக்கம் தட்டை என்று குழப்பம் வந்தால் டியூப் லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். தட்டைப் பரப்பில் அது நேராக, முழு அளவில் தெரியும், வளைந்த பரப்பில் சுருங்கி ஒரு கீற்றாகும்.

திரும்ப மாட்டுவதில் தவறுவது ஒரே இடத்தில். மேலிருந்து போடும் கண்ணாடி குழலுக்குள் சாய்ந்து ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும். குச்சியால் அழுத்தினால் ஓரம் சில்லாகப் பெயரும். சிக்கிவிட்டால் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் குழலின் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள், தானே நிமிரும். சிக்காமலே இருக்க வழி உண்டு: குழலைவிடச் சற்று ஒடுக்கமான மரக்குச்சியின் தட்டை நுனியில் டிஷ்யூ வைத்து, அதன் மேல் அடுக்கைக் கட்டி, குழலை மேலிருந்து கீழே இறக்குங்கள். கடைசியில் குச்சியோடு சேர்த்துக் கவிழ்த்து வளையத்தைப் போடலாம். வளையம் விரலுக்கு நின்றபின் ஒரு துளி இறுக்கம் போதும். குழலைக் காதருகே ஆட்டினால் சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான். சூப்பர் குளூ தொடவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும்.

மாட்யூலில் மாட்டும்போது ஸ்பிரிங் முதலில். அது தளர்ந்திருந்தால் மரையில் பிளம்பர் டேப் ஒரு சுற்று போடலாம். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், சூட்டில் ஆவியாகிப் பின் முகத்தில் படியும். ஃபோகஸுக்குப் பொறுமை வேண்டும். குவியத் தூரம் 4 மி.மீ. உள்ள லென்ஸில் கால் சுற்று என்பது 0.125 மி.மீ. நகர்வு, அதுவே குவியும் இடத்தை முடிவிலியிலிருந்து 13 செ.மீ. பக்கத்தில் கொண்டுவந்துவிடும். குவியத் தூரம் கூடக்கூட இந்தப் பதற்றம் குறையும்.

லென்ஸைத் திருக, சுவரில் புள்ளி சின்ன வட்டம் போடுவது எம்9 மரையின் இயல்பு. வட்டம் பிரிப்பதற்கு முன் இருந்ததைவிடப் பெரிதானால் ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, மறுபடி கழற்ற வேண்டியதுதான். புள்ளி வட்டமாக இல்லாமல் பட்டையாக இருப்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வாட் கணக்கு நீல டயோடுகளின் ஒளியே பட்டையாகத்தான் பிறக்கிறது, எத்தனை முறை துடைத்தாலும் அது வட்டமாகாது.